லி ஜுன்: சீனக் கிராமத்தை எழுதியவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன எழுத்தாளர் என்றதும் நம்மில் பலருக்கு லூ சுன் நினைவுக்கு வருவார், அப்புறம் நோபல் வாங்கிய மோ யான். லி ஜுன் என்று சொன்னால் "அது யாரு?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் சீனாவில் ஐம்பது வயது தாண்டிய யாரிடமாவது லி ஷுவாங்ஷுவாங் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். அந்தப் பாத்திரத்தைப் படைத்தவர் இவர். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

லி ஜுன் யார்? ரொம்பச் சுருக்கமாக.

1928-ல் சீனாவின் ஹெனான் மாகாணத்தில், லுவோயாங் நகரத்தை ஒட்டிய மெங்ஜின் வட்டாரத்தில் பிறந்தார். 2000 பிப்ரவரியில் காலமானார். சிறுகதை, நாவல், திரைக்கதை மூன்றும் எழுதினார். மூன்றிலும் அவருடைய ஆட்கள் ஹெனான் விவசாயிகள்தான். நாவலுக்காக 1985-ல் மாவோ துன் விருது வாங்கினார். திரைக்கதைகளுக்காக நூறு மலர்கள் விருது, தங்கச் சேவல் விருது இரண்டும் கிடைத்தன. சீன சினிமாவில் இவை பெரிய விருதுகள். முன்னது ரசிகர் வாக்கில் தருவது, பின்னது நடுவர் குழு தருவது.

குடும்பம் மங்கோலிய வம்சாவளி. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஹெனானிலேயே வேர்விட்டவர்கள். அவர் எழுத்தில் வருவது மஞ்சள் ஆற்று வண்டலும் கோதுமை வயலும்.

இணையத்தில் தேடினால் வேறொரு லி ஜுன் வருகிறாரே?

அதே பெயரில் ஓர் இலக்கிய விமர்சகரும் இருந்தார். அந்தக் குழப்பம் தாங்காமல் நம்மவர் தன் பெயரிலுள்ள இரண்டாவது எழுத்தைப் பழைய வடிவத்துக்கு மாற்றி எழுதத் தொடங்கினார். உச்சரிப்பு மாறவில்லை. 1960-களில் பீக்கிங்கிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பெயர் 'லி சூன்' என்று இருக்கும். அதுவும் இவர்தான்.

அவர் என்ன படித்தார்? எப்படி எழுத வந்தார்?

பள்ளிப் படிப்பு நடுநிலைப் பள்ளியோடு நின்றுவிட்டது, அதுவும் முழுதாக இல்லை. தாத்தா கிராமத்து வாத்தியார். பழைய இலக்கியமும் கவிதையும் அவரிடமிருந்து வந்தவை. 1942-ல் ஹெனானில் மழை பொய்த்தது. போரும் வறட்சியும் சேர்ந்து பெரும் பஞ்சம். அப்போது லி ஜுனுக்குப் பதினான்கு வயது. அகதி மாணவர்களோடு சேர்ந்து மேற்கே ஷிஆன் பக்கம் போனார். வழியெல்லாம் ரயில் பாதையோரம் பசித்த கூட்டம். அந்தக் காட்சியை நாற்பது வருடம் மனசில் வைத்திருந்து பிறகு எழுதினார்.

ஊர் திரும்பி ஓர் உப்புக் கடையில் எடுபிடி வேலை பார்த்தார். அப்புறம் சிற்றூர் அஞ்சல் முகவர் கடையில் இருந்தபோது, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான கல்லூரி இதுதான். ஒரு தாய் பட்டாளத்துக்குப் போன மகனுக்கு என்ன சொல்வாள், எதை முதலில் சொல்வாள், எதைச் சொல்லாமல் விழுங்குவாள் என்று நாள் முழுக்கக் கேட்டு எழுதுகிறவனுக்குப் பேச்சு மொழி தானாகக் கைவரும். பிற்காலத்தில் அவருடைய வசனத்தைப் பாராட்டாத விமர்சகர் கிடையாது.

1949-க்குப் பிறகு வங்கியில் எழுத்தர் வேலை, அப்புறம் ஊழியர் பள்ளியில் ஆசிரியர் வேலை. கிராமக் கடன், நிலம் கைமாறுவது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் வங்கி மேசையிலிருந்து பார்த்த விஷயங்கள். முதல் புகழ்பெற்ற கதையே நில விற்பனையைப் பற்றியது என்பதில் ஆச்சரியம் இல்லை.

அந்த முதல் கதை எது? அப்படி என்ன பரபரப்பு?

'அந்த வழியில் போகக் கூடாது' என்பது தலைப்பு. 1953 நவம்பரில் ஹெனான் நாளிதழில் வந்தது. 1954 ஜனவரியில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியப் பத்திரிகையான மக்கள் நாளிதழ் அதை மறுபிரசுரம் செய்தது. இருபத்தைந்து வயது எழுத்தாளர் ஒரே கதையில் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டார்.

கதை எளிமையானது. நிலச் சீர்திருத்தத்தில் எல்லோருக்கும் நிலம் கிடைத்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கிறது. ஜாங் ஷுவான் என்பவன் மாட்டு வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு கடனில் விழுந்து நிலத்தை விற்க நினைக்கிறான். ஊரிலேயே நல்ல நிலம் அது. சோங் என்ற கிழவர் கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கிப் போட வேண்டும் என்று அவருக்கு நாக்கு ஊறுகிறது. அவருடைய மகன் கட்சி உறுப்பினன். கஷ்டப்படுகிறவனுடைய நிலத்தை நாம் வாங்கினால் பழையபடி பண்ணையாரும் கூலியாளும்தான் வரும், ஜாங்குக்குக் கைமாற்றுக் கொடுத்துத் தூக்கிவிடுவோம் என்கிறான். கடைசியில் கிழவர் மனம் மாறுகிறார்.

கூட்டுறவுப் பண்ணைக்கு நாட்டைத் திருப்ப அரசு முயன்றுகொண்டிருந்த நேரம். அரசுக்கு வேண்டிய கதை அப்படியே கையில் கிடைத்தது. ஆனால் இன்று படிக்கும்போது மனசில் நிற்பது மகனின் வாதம் இல்லை. கிழவர் அந்த நிலத்தைப் பார்க்கும் பார்வைதான். முதுகு வளைய உழைத்தவனுக்கு இன்னொரு துண்டு நிலம் என்றால் என்ன என்பதை லி ஜுன் அவ்வளவு பரிவோடு எழுதிவிட்டார். தலைப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, கதை இன்னொரு பக்கம் சாய்கிறது.

அப்படியானால் இவர் அரசின் ஊதுகுழல்தானே?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆமாம், 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி அன்றைய கொள்கையைக் கதையாக்கியவை. பரஸ்பர உதவிக் குழு வந்தால் அதைப் பற்றி ஒரு கதை, கூட்டுறவு வந்தால் அதைப் பற்றி, பல ஊர்களை ஒன்றாக்கிய கூட்டுப் பண்ணையான கம்யூன் வந்தால் அதைப் பற்றி. அவர் நம்பித்தான் எழுதினார் என்றே நினைக்கிறேன். பஞ்சத்தைப் பார்த்து வளர்ந்த பையனுக்குப் புதிய அரசு நிலம் கொடுத்தது. நன்றி உணர்ச்சி பொய்யாக இருந்திருக்காது.

கொள்கையை நம்பி எழுதுகிறவனுக்கு ஒரு ஆபத்து உண்டு. கொள்கை மாறினால் கதை அந்தரத்தில் நிற்கும். 1970-களின் இறுதியில் தொடங்கி, கம்யூன்கள் கலைக்கப்பட்டு நிலம் மறுபடி குடும்பங்களின் பொறுப்பில் வந்தது. 'அந்த வழியில் போகக் கூடாது' என்று இருபத்தைந்து வயதில் எழுதியவர், ஐம்பது வயது தாண்டியபோது நாடே ஏறக்குறைய அந்த வழியில் நடப்பதைப் பார்த்தார். (நிலத்தை விற்கும் உரிமை மட்டும் வரவில்லை, பயிரிடும் உரிமைதான் வந்தது.) தன் பழைய கதைகள் பல ஏன் சீக்கிரம் கிழடுதட்டின என்று அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே யோசித்தார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

லி ஷுவாங்ஷுவாங் யார்? அவள் ஏன் இவ்வளவு பிரபலம்?

1960 மார்ச்சில் மக்கள் இலக்கியம் என்ற மாத இதழில் 'லி ஷுவாங்ஷுவாங்கின் சிறு வரலாறு' என்ற கதை வந்தது. அதன் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஊரில் அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு அவள் ஷீவாங்கின் பெண்டாட்டி, மற்றவர்களுக்கு ஷியாவ் ஜூவின் அம்மா. கணவன் ஷீவாங் வெளியாட்களிடம் அவளைச் சொல்லும்போது "எங்க வீட்டு ஆளு" என்பான், இல்லாவிட்டால் "எனக்குச் சமைக்கிறவ" என்பான். ஒருநாள் ஊர்ச் சுவரில் பெரிய எழுத்துச் சுவரொட்டி ஒன்று முளைக்கிறது: பெண்களை அடுப்படியிலிருந்து விடுங்கள், பொதுச் சமையலறை வையுங்கள், வயலில் ஆண்களோடு போட்டி போட்டுக் காட்டுகிறோம் என்று. கீழே கையெழுத்து, லி ஷுவாங்ஷுவாங். யார் இந்த லி ஷுவாங்ஷுவாங் என்று கட்சிச் செயலாளர் விசாரிக்கிறார். ஊரே விழிக்கிறது.

மனைவி கணவன் பெயரைச் சொல்லாத ஊர்களில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே திசை மட்டும் வேறு. கணவன்தான் மனைவி பெயரைச் சொல்லாமல் இருக்கிறான்.

இந்தக் கதையை லி ஜுனே திரைக்கதையாக்கினார். ஷாங்காயின் ஹையான் ஸ்டுடியோ தயாரிக்க, லூ ரென் இயக்கினார். 1962-ல் 'லி ஷுவாங்ஷுவாங்' வெளியானது. ஜாங் ரூய்ஃபாங் ஷுவாங்ஷுவாங்காகவும், ஜோங் ஷிங்ஹுவோ ஷீவாங்காகவும் நடித்தார்கள். 1963-ல் இரண்டாவது நூறு மலர்கள் விருது விழாவில் சிறந்த படம், சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகர், சிறந்த திரைக்கதை என்று அள்ளிக்கொண்டது.

படத்தின் உயிர் அந்தத் தம்பதியின் சண்டை. அவள் மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். பொதுச் சொத்தில் யாராவது கை வைத்தால் விடமாட்டாள். அவன் யாரையும் பகைத்துக்கொள்ளாத நல்ல பிள்ளை. "நமக்கெதுக்கு வம்பு" என்பது அவன் வாழ்க்கைத் தத்துவம். ஊரில் யார் எவ்வளவு உழைத்தார் என்று வேலைப் புள்ளி எழுதும் பொறுப்பு அவனிடம் வருகிறது. சிநேகிதர்களுக்காகக் கணக்கில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறான். அவள் கூட்டத்தில் எழுந்து போட்டு உடைத்துவிடுகிறாள். அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான். பிறகு திரும்பி வருகிறான். மறுபடி சண்டை, மறுபடி போகிறான். கல்யாணமாகிக் குழந்தையும் பெற்ற பிறகுதான் இருவரும் காதலிக்கவே தொடங்குகிறார்கள் என்பது படத்தின் குறும்பு.

ஷீவாங்கைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. அந்தச் சமரச முகம், மாட்டிக்கொண்டதும் ஒரு அசட்டுச் சிரிப்பு. கொள்கை விளக்கப் படத்தில் வில்லனாக வேண்டியவனை எல்லோர் வீட்டிலும் இருக்கிற ஒரு மனுஷனாக எழுதினாரே, அங்கேதான் லி ஜுன் தப்பித்தார்.

கதையும் படமும் ஒன்றுதானா? வித்தியாசம் என்ன?

பெரிய வித்தியாசம் உண்டு, அதன் பின்னால் ஒரு துயரமும் உண்டு.

கதை முழுக்கப் பொதுச் சமையலறையைச் சுற்றி நடப்பது. "எனக்குச் சமைக்கிறவ" என்று சொல்லித் திரிந்த ஷீவாங்கே கடைசியில் அந்தச் சமையலறையின் சமையல்காரன் ஆகிறான். அருமையான நகைச்சுவை. ஆனால் உண்மையில் 1958-ல் தொடங்கிய பொதுச் சமையலறைகள் கிராமங்களைப் பட்டினியில் தள்ளிய காரணங்களில் ஒன்றாகிவிட்டன. வீட்டில் தானியம் வைத்துக்கொள்ள முடியாது. விளைச்சல் கணக்கை ஊதிப் பெருக்கிய அதிகாரிகள் இருந்ததையும் வாரிக்கொண்டு போனார்கள். சமையலறையில் கஞ்சி தண்ணீரானது. 1959 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். அதிலும் லி ஜுனின் ஹெனான் மாகாணம் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. அதன் தெற்கிலுள்ள ஷின்யாங் வட்டாரத்தில் மட்டும் இறந்தவர்கள் பத்து லட்சத்தைத் தொடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

1961-ல் சமையலறைகள் மூடப்பட்டன. படம் எடுக்கும் நேரத்தில் அதை வைத்துக் கதை சொல்ல முடியாது. ஆகவே லி ஜுன் சமையலறையை எடுத்துவிட்டு வேலைப் புள்ளிக் கணக்கை அதன் இடத்தில் வைத்தார். எத்தனை நாள் உழைத்தாய், அதற்கு எத்தனை புள்ளி, அறுவடையில் உன் பங்கு எவ்வளவு என்ற கணக்கு அது.

கதையின் நடுத்தூணையே உருவியும் கட்டடம் விழவில்லை. காரணம், அந்தக் கட்டடம் சமையலறைமேல் நிற்கவே இல்லை. வாய் பேசும் மனைவி, வாய் மூடும் கணவன், இந்த இரண்டு பேர்மேல்தான் நின்றது. திரைக்கதை எழுதப் பழகுகிறவர்கள் கதையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஊர் ஊராகச் செத்து முடிந்த அடுத்த வருடம் செழிப்பான ஹெனான் கிராமத்தைக் காட்டும் சிரிப்புப் படம் வந்தது என்பது எனக்கு உறுத்தாமல் இல்லை. ஜாங் ரூய்ஃபாங்கின் நடிப்பை ரசிக்கும்போதே அந்த உறுத்தலும் கூடவே இருக்கிறது.

பண்பாட்டுப் புரட்சிக்கு (1966-ல் மாவோ தொடங்கிய அரசியல் களையெடுப்பு) முன் வேறு படங்கள் எழுதினாரா?

எழுதினார். குறிப்பிட வேண்டியது 1959-ல் வந்த 'பழைய சிப்பாயின் புதிய வரலாறு'. ஷென் ஃபூ இயக்கினார். ஒரு பழைய படைவீரர் வடகிழக்கின் பெய்தாஹுவாங் தரிசு நிலத்துக்குப் போய் அரசுப் பண்ணை உருவாக்கும் கதை. சீனாவின் முதல் வண்ண அகலத்திரைப் படம் இதுதான். கதாநாயகன் முரடன், கோபக்காரன், படிக்காதவன், ஆனால் பிடிவாதமாக வேலை செய்கிறவன். மற்றவை காலத்தோடு போனவை. விட்டுவிடலாம்.

பண்பாட்டுப் புரட்சியில் அவருக்கு என்ன ஆனது?

1966-க்குப் பிறகு பெரும்பாலான எழுத்தாளர்களுக்கு நடந்ததுதான். படைப்புகள் தாக்கப்பட்டன, அவரும் தாக்கப்பட்டார். 1969-ல் குடும்பத்தோடு கிழக்கு ஹெனானின் ஷிஹுவா வட்டாரத்துக்கு அனுப்பப்பட்டார். சுமார் நான்கு வருடம் அங்கே இருந்தார்.

தண்டனையாக அனுப்பிய இடம் எது தெரியுமா? மஞ்சள் ஆற்று வெள்ளப் பகுதி. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஓடிப் பிழைத்த கதை ஒன்று இருந்தது. எழுத்தாளர் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் தங்கள் குடும்ப வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். யாராவது இறந்தால் இரங்கல் வாசகம் எழுதித் தரச் சொன்னார்கள். அஞ்சல் கடையில் இளைஞனாகச் செய்த வேலையை, நாற்பது வயதில் எழுதத் தடை இருந்த காலத்தில், திரும்பச் செய்தார்.

மஞ்சள் ஆற்று வெள்ளம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

1938 ஜூனில் ஜப்பானியப் படை ஹெனானுக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க சியாங் கை ஷேக்கின் தேசியவாத அரசுப் படை, ஜெங்ஜோவ் நகருக்குப் பக்கத்தில் ஹுவாயுவான்கோவ் என்ற இடத்தில் மஞ்சள் ஆற்றின் கரையை வெட்டிவிட்டது. ஆறு தென்கிழக்கே திரும்பி ஹெனான், அன்ஹுய், ஜியாங்சூ மூன்று மாகாணங்களில் பரவியது. ஊர்க்காரர்களுக்கு முறையான எச்சரிக்கை கிடையாது. இறந்தவர்கள் எவ்வளவு என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. சுமார் 5 லட்சம் என்பாரும் உண்டு, 9 லட்சத்தை நெருங்கும் என்பாரும் உண்டு. வீடிழந்து ஓடியவர்கள் பல லட்சம். உடைப்பை அடைத்து ஆற்றைப் பழைய வழிக்குத் திருப்பியது 1947-ல். ஒன்பது வருடம் வயலில் ஆறு ஓடியது. வடிந்தபோது மிஞ்சியது மணலும் நாணலும்.

அதுதான் நாவலாக வந்ததா?

முதலில் படமாக வந்தது, சரியாக வரவில்லை. 'பெருநதி பாய்கிறது' என்ற இரண்டு பாகப் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். 1970-களின் இறுதியில் வெளியானது. லி மாய் என்ற ஏழைப் பெண்ணாக மறுபடி ஜாங் ரூய்ஃபாங். படம் பிரம்மாண்டம்தான். ஆனால் எழுதத் தொடங்கிய காலத்தின் நெடி அதை விட்டுப் போகவில்லை. நாயகி குறையே இல்லாதவள், வசனத்தில் முழக்கம் அதிகம்.

அதே மண்ணை, அதே வெள்ளத்தை எடுத்துக்கொண்டு நாவலாக மறுபடி எழுதினார். தலைப்பை 'மஞ்சள் ஆறு கிழக்கே ஓடுகிறது' என்று சொல்லலாம். முதல் பாகம் 1979-ல் வந்தது, இரண்டாவது பாகத்தை முடிக்க மேலும் ஐந்து வருடம் ஆனது. 1985-ல் இரண்டாவது மாவோ துன் விருதைப் பெற்ற மூன்று நாவல்களில் இதுவும் ஒன்று. நாவலாசிரியர் மாவோ துன் இறக்கும் முன் விட்டுச்சென்ற 2,50,000 யுவானில் தொடங்கிய விருது அது.

நாவலில் ஒற்றை நாயகி இல்லை. ஒரே ஊரின் ஏழு குடும்பங்கள். வெள்ளம் அவர்களைச் சிதறடிக்கிறது. லுவோயாங், ஷிஆன், ஷியான்யாங் என்று ரயில் பாதையோரம் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்குகிறார்கள். லி மாய் இதிலும் உண்டு, ஆனால் ஏழில் ஒருத்தியாக. உன்னத வீரர்களை எழுதவில்லை, குறையுள்ள சாதாரண மனிதர்களைத்தான் எழுதியிருக்கிறேன் என்ற பொருளில் அவரே முன்னுரையில் சொல்கிறார்.

எனக்கு மறக்க முடியாதவர்கள் சுன்யீயும் ஃபெங்யிங்கும். வெள்ளக் குழப்பத்தில் அவசர அவசரமாகக் கல்யாணம் ஆனவர்கள். ஷியான்யாங்கில் சோற்றுக் கடையில் ஒண்டிக்கொள்கிறார்கள். ஃபெங்யிங் வியாபாரத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறாள். வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுகிறாள், கணக்குப் பார்க்கிறாள், சொந்தக் கடை போடும் அளவுக்கு வளர்கிறாள். சுன்யீ நிலத்துக்காரன். மண்வெட்டி பிடித்த கையால் எச்சில் தட்டு எடுக்க மனசு கூசுகிறது. மனைவி மாறுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர்களைப் பிரிப்பது ஆறும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை. நகரம் பிரிக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று லி ஜுன் சொல்லவே இல்லை. இருபது வருடம் முன்பு எழுதியிருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்.

அப்புறம் ஹாய் லாவ்ச்சிங் என்ற கிழவர். நிலமே உயிர் என்று இருப்பவர். மனைவியும் மகள்களும் நகரத்தில் பிழைப்புத் தேட, மகள் மேடையில் பாடிச் சம்பாதிப்பது அவருக்குப் பிடிக்காமல், தனியே குத்தகை நிலம் உழப் போகிறார். 1942 பஞ்சம் அவரை விடவில்லை. முதல் கதையில் நிலத்தைப் பார்த்து நாக்கு ஊறிய சோங் கிழவரின் அண்ணன் என்றே இவரைச் சொல்லலாம். இந்த முறை அவரைத் திருத்த மகன் யாரும் வரவில்லை.

இவ்வளவு சாவுக்கு நடுவிலும் புத்தகம் முழுக்கச் சிரிப்பு இருக்கிறது. ஊர்ப் படிப்பாளி ஷு ச்சியூஜாய் கிழவரின் தந்திரங்கள், வாங் பாவ் தன் கழுதையோடு படும் பாடு. பசித்தவன் அடிக்கும் நகைச்சுவை வேறு ருசி.

1980-களிலும் அதன் பிறகும் இயக்குநர் ஷியே ஜின்னோடு சேர்ந்து எழுதியவை எவை?

மூன்றைச் சொல்வேன்.

'குதிரை மேய்ப்பவர்' (1982). ஜாங் ஷியான்லியாங் எழுதிய கதையிலிருந்து லி ஜுன் திரைக்கதை அமைத்தார். வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டுப் புல்வெளியில் குதிரை மேய்க்கும் ஷு லிங்ஜுன். சிச்சுவான் பஞ்சத்திலிருந்து தப்பி வந்த லி ஷியூஜி. உனக்குப் பெண்டாட்டி வேணுமா வேண்டாமா என்று பக்கத்து ஆள் வந்து கேட்டு அன்றைக்கே குடும்பம் அமைகிறது. பல வருடம் கழித்து அமெரிக்காவிலிருந்து பணக்கார அப்பா வந்து கூப்பிடுகிறார், மகன் போகவில்லை. ஜூ ஷிமாவும் ட்சோங் ஷானும் நடித்தார்கள். நூறு மலர்கள் விருது பெற்ற படம். 2020 வாக்கில் சீன இளைஞர்கள் இணையத்தில் அந்தப் பெண்டாட்டிக் கேள்வியைக் கேலி வசனமாக்கிச் சுற்றுக்கு விட்டார்கள். முடிவு கொஞ்சம் தேசபக்திப் பாடம் மாதிரிதான். ஆனால் மண்வீட்டில் அந்த இருவரும் முதன்முதலில் தயங்கித் தயங்கிப் பேசும் இடத்தில் கடிதம் எழுதிக் கொடுத்த பையனின் காது தெரிகிறது.

'மலையடிவார மலர்வளையங்கள்' (1984). லி சுன்பாவின் குறுநாவல். திரைக்கதையை லி ஜுனும் அவரும் சேர்ந்து எழுதினார்கள், இருவருக்கும் தங்கச் சேவல் விருது. 1979 வியட்நாம் எல்லைப் போரைப் பற்றிய படம்தான். ஆனால் அதன் உச்சம் ஒரு கடன் சீட்டு. இறந்த கிராமத்துப் படைவீரனின் சட்டைப் பையிலிருந்து, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிய, ரத்தம் தோய்ந்த காகிதம் கிடைக்கிறது. அவனுடைய தாய், மகன் இறந்ததற்கு அரசு தந்த பணத்தை வைத்து அந்தக் கடனை அடைக்கிறாள்.

'ச்சிங்லியாங் கோயில் மணியோசை' 1990-களின் தொடக்கத்தில் வந்தது. ஜப்பானியப் படை பின்வாங்கும்போது விட்டுப்போன குழந்தையை ஹெனான் கிராமத்து மருத்துவச்சி ஒருத்தி எடுத்து வளர்க்கிறாள். அவன் பின்னாளில் துறவியாகி ஜப்பான் போய்ப் பெற்ற தாயைச் சந்திக்கிறான். குழந்தைக்கு யார் பால் கொடுப்பது என்று ஊர் தகராறு செய்யும் முதல் பாதி மிகவும் நன்றாக இருக்கும். துறவியான பிறகு படம் கொஞ்சம் இழுக்கிறது.

மோ யான், லியூ ஜென்யுன் போன்றவர்களோடு ஒப்பிட்டால்?

லியூ ஜென்யுனும் ஹெனான்காரர், 1942 பஞ்சத்தைப் பற்றி அவரும் எழுதி அது 2012-ல் படமாகவும் வந்தது. அவர் அரசாங்கங்களைக் கேலி செய்கிறார். மோ யான் யதார்த்தத்தையே வளைக்கிறார். லி ஜுனிடம் அந்த இரண்டு துணிச்சலும் இல்லை. மேலே நடக்கும் அரசியலை அவர் கடைசிவரை அதிகம் கிளறவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் சாப்பாட்டு நேரத்தில் நடக்கும் பேச்சை எழுதுவதில் இவர்கள் இருவரையும்விட அவர் ஒரு படி மேல் என்பது என் கட்சி. சண்டைக்கு வராதீர்கள்.

அவருடைய மனைவியும் எழுத்தாளர் என்கிறார்களே?

மனைவி தோங் பிங். பள்ளி வாசம் அதிகம் இல்லாத கிராமத்துப் பெண். வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர். ஷுவாங்ஷுவாங் தட்டுத்தடுமாறி எழுத்து பழகுவது அவரைப் பார்த்து எழுதியதுதான். லி ஜுன் இறந்த பிறகு தோங் பிங் தன் ஊர் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். தலைப்பு 'சொந்த ஊர்ப் பழங்கதைகள்'. அதற்கு வைத்த துணைத்தலைப்பு, 'லி ஜுனின் மனைவி சொல்கிறார்'. ஷுவாங்ஷுவாங் கையில் கிடைத்திருந்தால் அந்த அட்டையைக் கிழித்துச் சுவரொட்டி எழுதியிருப்பாள்.

தமிழ் வாசகர் எங்கிருந்து தொடங்கலாம்?

நாவலிலிருந்து வேண்டாம். இரண்டு பாகம், நிறையப் பெயர்கள். முதலில் 'லி ஷுவாங்ஷுவாங்' படத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைதான், ஆனால் ஒரு நிமிடம்கூடத் தூக்கம் வராது. சீன மொழி தெரியாவிட்டாலும் ஷீவாங்கின் முகத்தைப் பார்த்தாலே பாதிக் கதை புரியும். அடுத்து 'குதிரை மேய்ப்பவர்'. அதன் பிறகு பழைய பீக்கிங் பதிப்பாக வந்த ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பு கிடைத்தால் சோங் கிழவர் கதையைப் படியுங்கள். பழைய புத்தகக் கடைகளில் சோவியத் புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் இந்த மாதிரி சீனப் பதிப்புகள் சில சமயம் தட்டுப்படும். தேடும்போது ஜுன் என்று பார்க்காமல் சூன் என்று பாருங்கள்.